ஆறு மணி ஊசி

அஹமது கபீர் ஆறு வருஷம் லைசென்ஸ் இல்லாமல் டாக்சி ஓட்டியவன். போலீஸைக் கண்டு பயந்ததில்லை, கேலாங் ரவுடிகளைக் கண்டு பயந்ததில்லை, சொந்த மாமியாரைக் கண்டுகூடப் பயந்ததில்லை. ஊசி என்றால் மட்டும் அவனுடைய கால் இரண்டும் அவனைக் கேட்காமலே வாசல் பக்கம் திரும்பிவிடும். அப்பேர்ப்பட்டவனை அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு, மெலாத்தி குழந்தைகள் மருத்துவமனையின் மூன்றாம் வகுப்பு வார்டில், பிள்ளைகள் உட்காரும் குட்டி முக்காலியில் உட்கார வைத்திருந்தார் துப்பறிவாளர் பரமசிவம்.

"சார், நான் கார்லயே இருக்கேனே. காரையும் யாராவது பார்த்துக்கணும்லா."

"உன் காரைத் திருடுறவன் அதைத் தள்ளிக்கிட்டுத்தான் போகணும். அவ்வளவு உழைப்பாளி எவனும் திருட வர மாட்டான். உட்காரு."

பரமசிவம் துறைமுகச் சுங்கத்தில் இருபது வருஷம் அடுத்தவர் பெட்டிகளைத் திறந்து பார்த்தே பெயர் வாங்கியவர். இப்போது தேக்காவில் ஒரு தையல்கடையின் மாடியில் 'பரமசிவம், அந்தரங்க விசாரணை' என்று பலகை மாட்டியிருக்கிறார். பலகையில் அவருடைய டிரைவரும் உதவியாளுமான கபீரின் பெயர் கிடையாது. பலகை சின்னது என்பது பரமசிவம் சொல்லும் காரணம். கபீர் அதை இன்றுவரை நம்பவில்லை.

அவர்களை வரவழைத்திருந்தவர் டாக்டர் சிவகாமசுந்தரி. முப்பது வயது இருக்கும். இரண்டு நாள் தூக்கமில்லாத கண்கள். பேச்சில் மட்டும் தூக்கக் கலக்கமே இல்லை.

"அதோ, நர்ஸ் மேஜைக்குப் பக்கத்துக் கட்டில். பேரு ஜரீனா, நாலு வயசு. திங்கட்கிழமை சளிக்காய்ச்சலோட வந்தா. சளிக்காய்ச்சல் தானா வந்து தானா போறது, மிஸ்டர் பரமசிவம். பெனிசிலின் அதை ஒண்ணும் பண்ணாது. ஆனா முன்னெல்லாம் இந்த வார்டுக்குள்ள வந்த பிள்ளை தும்மினாப் போதும், காலைல ஒரு ஊசி, சாயங்காலம் ஒரு ஊசி. மூணு மாசத்துக்கு முன்னாடி நான் ஒரு உத்தரவு போட்டேன். சும்மா சளிக்கு இனிமே பெனிசிலின் ஊசி கிடையாதுன்னு."

கபீருக்கு அந்த அம்மாள் மீது பெரிய மரியாதை பிறந்துவிட்டது. "டாக்டரம்மா, நீங்க நூறு வருஷம் நல்லா இருக்கணும்," என்றான். மனதாரத்தான் சொன்னான்.

"புதன்கிழமை சாயங்காலம் ஆறரைக்கு ஜரீனாவுக்கு உடம்பெல்லாம் தடிப்பு. பெனிசிலின் ஒத்துக்காத உடம்புல வர்ற தடிப்பு அது. பழைய நோட்டைத் தேடிப் பார்த்தேன். போன வருஷம் இதே வார்டுல அவளுக்கு ஊசி போட்டப்பவே லேசாத் தடிச்சிருக்கு, யாரும் பெரிசா எடுத்துக்கல. இந்தத் தடவை நான் ஒரு சொட்டுகூடக் குடுக்கல. யாரோ எனக்குத் தெரியாம ஊசி போடுறாங்கன்னு நினைச்சேன். நேத்து அஞ்சு மணியிலேர்ந்து ஒரு நர்ஸைக் கட்டிலை விட்டு நகராம நிக்க வச்சேன். ஊசியோட ஒரு ஈகூட கிட்ட வரல. ஆறரைக்கு உதடு வீங்கி, மூச்சு இழுக்க ஆரம்பிச்சிருச்சு." டாக்டர் அந்தக் கட்டில் பக்கம் பார்த்தார். "நினைவு தப்பினவளுக்கு மாத்து மருந்து போட்டு, எப்படியோ காப்பாத்திட்டேன். இன்னைக்கு ஆறு மணிக்கு மறுபடியும் அது உள்ள போனா, என்னால முடியுமான்னு தெரியல."

பரமசிவம் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மூன்று ஐந்து.

"ஆறு மணிக்கு இங்க என்ன விசேஷம்?"

"அஞ்சுலேர்ந்து ஆறு வரைக்கும் பெத்தவங்க வந்து பார்க்குற நேரம். ஆறுக்கு மணி அடிச்சு அவங்களை வெளிய அனுப்புவோம். நர்ஸுங்க ஷிப்ட் மாறுறதும் அப்பதான். வார்டே சந்தைக்கடை மாதிரி இருக்கும்."

அப்போது வார்டு கூட்டும் ஆயா பூவம்மா, முந்தானை முடிச்சை அவிழ்த்துக்கொண்டே வந்தாள். முடிச்சுக்குள்ளிருந்து கட்டைவிரல் உயரத்தில் ஒரு காலிக் கண்ணாடிப் பாட்டிலும், அதன் ரப்பர் மூடியும், நசுங்கிய அலுமினிய வளையமும் வெளியே வந்தன.

"காலைல கூட்டும்போது இந்தப் புள்ள கட்டிலுக்கு அடியில கிடந்துச்சுங்கய்யா. எறும்பு மொச்சுக்கிட்டு இருந்துச்சு. தட்டிவிட்டு எடுத்து வச்சேன்."

"பெனிசிலின் பாட்டில்தான்," என்றார் டாக்டர். "போட்டவங்க அவசரத்துல கீழ விட்டுட்டாங்க."

பரமசிவத்துக்குப் பாட்டிலைவிட எறும்பின் மீதுதான் அக்கறை இருந்தது போலிருக்கிறது. "எறும்பா?" என்று கேட்டு, பாட்டிலின் வெளிப்பக்கத்தை விரலால் தடவினார். விரல் ஒட்டியது. "பூவம்மா, இங்க பிள்ளைங்களுக்குக் குடுக்குற பால்ல சர்க்கரை போடுவீங்களா?"

"இங்க மாவுப்பால்தானுங்க. சப்புன்னு இருக்கும். பூனைக்கு வச்சாக்கூட முகத்தைத் திருப்பிக்கும்."

பரமசிவம் பாட்டிலைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, ஊசி போடும் ஆளைக் கூப்பிடச் சொன்னார்.

வந்தவர் டிரெஸ்ஸர் மருதப்பன். காயத்துக்குக் கட்டுப் போடுவதும் ஊசி போடுவதும் முப்பது வருஷமாக அவர் கைவேலை. பஞ்சு மாதிரி கை, பஞ்சு மாதிரி தலைமுடி. கபீர் மரியாதையாகத் தன் முக்காலியை இரண்டடி பின்னால் நகர்த்திக்கொண்டான்.

"உத்தரவு வந்த நாள்லேர்ந்து சளிக்காய்ச்சல் பிள்ளை ஒண்ணுக்குக்கூட நான் ஊசி போடல," என்றார் மருதப்பன். "என் மக்க மேல சத்தியம். மருந்தறையில காலிப் பாட்டிலைக் குடுத்தாத்தான் புதுப் பாட்டில் தருவாங்க. ஒண்ணு குறைஞ்சாலும் என்னைத்தான் கேப்பாங்க. நேத்து வரைக்கும் ஒண்ணும் குறையல." இவ்வளவையும் அவர் தரையைப் பார்த்தே சொல்லி முடித்தார்.

அவர் போனதும் கபீர் பொறுக்கமாட்டாமல் குனிந்தான். "சார், இந்த ஆளுதான். முகத்துலயே எழுதி ஒட்டியிருக்கு. வண்டியில ஏத்தட்டுமா?"

"கொஞ்சம் பொறு. அதோ அந்த ஊசித் தட்டை எடுத்துக்கிட்டு வார்டு நடுவுல ஒரு நடை நடந்துட்டு வா."

"நானா?"

"நான் நடந்தா பிள்ளைங்க சுங்க அதிகாரின்னு நினைச்சு மிட்டாயை ஒளிச்சு வச்சுக்கும். நீ போ."

கபீர் தட்டை எடுத்தான். அதில் ஒரு கண்ணாடி ஊசிக்குழல் கிடந்தது. அவன் கை நடுங்கிய நடுக்கத்தில் குழல் தட்டின் விளிம்பில் மோதி, கிணிங் கிணிங் என்று வார்டு முழுக்கக் கேட்டது. வார்டில் பத்துப் பிள்ளைகள். ஒன்பது பேர் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, இது என்ன புதுக் குச்சி ஐஸ்காரனா என்பது போல் மறுபடி விளையாட்டுக்குத் திரும்பினார்கள். ஜரீனா அவனைப் பார்த்துக் கையைக்கூட ஆட்டினாள். பத்தாவது பிள்ளை லட்சுமி மட்டும், "வேணாம்! வேணாம்!" என்று வீறிட்டு, பின்பக்கத்தை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு கட்டிலுக்கு அடியில் பாய்ந்தாள்.

"அவ இன்னைக்குக் காலைலதான் வந்தா," என்றார் டாக்டர். "வெளிய ஒரு கிளினிக்ல மூணு நாள் ஊசி போட்டிருக்காங்க."

"அப்போ ஊசிச் சத்தத்துக்கு ஓடினது ரெண்டே பேர்," என்றார் பரமசிவம். "ஒண்ணு லட்சுமி. இன்னொண்ணு நம்ம கபீர். கபீரு, கதவுக்குப் பின்னாலேருந்து வெளிய வா. மத்தப் பிள்ளைங்க அந்தச் சத்தத்தை மறந்தே போச்சு. டாக்டர், ஊசி குத்தின பிள்ளை பொய் சொல்லாது. மருதப்பன் சத்தியம் பண்ணினது நிஜம். இந்த வார்டுல சளிக்கு யாருக்கும் பெனிசிலின் ஊசி ஏறல."

"அப்போ மருந்து காத்துல பறந்து போகுதா சார்?"

பரமசிவம் பையிலிருந்து பாட்டிலின் மூடியை எடுத்துக் காட்டினார். "ஊசி போடுறவன் ரப்பர்ல குத்தித்தான் மருந்தை உறிஞ்சணும். இந்த ரப்பர்ல ஒரு ஓட்டை இருக்கா பாரு. இந்த அலுமினிய வளையத்தை யாரோ நெம்பித் திறந்திருக்காங்க. நெம்பின இடத்துல பிறை மாதிரி ஒரு நசுங்கல், பிறைக்கு நடுவுல ஒரு இடைவெளி."

"முன்பல்லு விழுந்த தாத்தா கடிச்ச மாதிரி இருக்கு," என்றான் கபீர்.

"அந்தத் தாத்தாவைத்தான் தேடணும்."

வாசல் பக்கக் கட்டிலில் ஐந்து வயது கமலா, சீவி முடித்துப் பூ வைத்து, மடியில் துணிப்பையோடு ராணி மாதிரி உட்கார்ந்திருந்தாள். கபீர் அவளிடம் பேச்சுக் கொடுத்தான்.

"எங்கேம்மா பயணம்?"

"வீட்டுக்கு. அம்மா ஆறு மணிக்கு வந்து கூட்டிட்டுப் போவாங்க. இவங்கல்லாம் நாளைக்குத்தான் போவாங்க. நான் இன்னைக்கே."

"அடேயப்பா. நிறையப் பால் குடிச்சியா?"

"சீ! பாலே பிடிக்காது. குடிச்சா வாந்தி எடுப்பேன்," என்றாள் கமலா பெருமையாக. கபீர் சிரித்துவிட்டு ஒரு டாபியை நீட்டினான். பரமசிவம் சிரிக்கவில்லை, அவள் சொன்னதைக் குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார். இந்த மனுஷனுக்கு எதைத்தான் எழுதுவது என்று ஒரு வரைமுறையே கிடையாது என்று கபீர் நினைத்தான்.

"ஆறு மணிக்கு ஜரீனா பக்கத்துல தினம் இருந்த வெளியாள் யாரு?" என்று டாக்டரைக் கேட்டார் பரமசிவம்.

"அவ அப்பா அப்துல் காதர் மட்டும்தான். அம்மா ருக்கையாவுக்கு இப்பத்தான் பிரசவம், வீட்டுல இருக்காங்க. அவர் டோபி காட்ல சராபத் கடை, அதான் டீக்கடை, வச்சிருக்கார். நேத்து எங்கிட்ட போட்ட சத்தம் இந்தக் கட்டடமே கேட்டிருக்கும். ஏழைப் பிள்ளைன்னுதானே மருந்து குடுக்க மாட்டேங்குறீங்க, மாடியில முதல் வகுப்புப் பிள்ளைன்னா இப்படிப் பண்ணுவீங்களான்னு."

"அவர்தான் நம்ம சாட்சி. அவர் இங்க வர்றதுக்கு முன்னாடியே போய்ப் பார்த்துடுவோம். நாம திரும்பி வர்ற வரைக்கும் நீங்களும் நர்ஸும் கட்டிலை விட்டு நகராதீங்க."

கபீரின் மோரிஸ் மைனர், பரமசிவம் சொன்னதை மெய்யாக்கியது. தள்ளினால்தான் கிளம்புவேன் என்றது. தள்ளியவர் பரமசிவம். அது கிளம்பி, டோபி காட் போய்ச் சேர்ந்தபோது மணி ஐந்தாகி இருபது நிமிஷம். கடையில் அப்துல் காதர் இல்லை. கூட்டாளி ஜலாலுதீன் மட்டும் இஞ்சித் தேநீரை ஒரு குவளையிலிருந்து இன்னொரு குவளைக்கு ஆளுயரம் இழுத்து ஆற்றிக்கொண்டிருந்தான்.

"காதர் நானா இப்பத்தான் பஸ் ஏறினார். பிள்ளையைப் பார்க்கணும்லா. என்ன வேணும், டீயா, சோடாவா?"

"எனக்கு ஆரஞ்சு சோடா," என்றான் கபீர். காரைத் தள்ளியவர் பரமசிவம், தாகம் எடுத்தது கபீருக்கு.

தூணில் கயிறு கட்டித் தொங்கிய திறப்பானால் ஜலாலுதீன் சோடாவைத் திறந்தான். மூடி கபீரின் காலடியில் வந்து விழுந்தது. கபீர் சோடாவை வாய்க்குக் கொண்டுபோனவன் அப்படியே நின்றான். குனிந்து மூடியை எடுத்தான். பிறை மாதிரி ஒரு நசுங்கல். பிறைக்கு நடுவில் ஒரு இடைவெளி. தூணில் தொங்கிய திறப்பானைப் பார்த்தான். அதன் முனை நடுவில் உடைந்திருந்தது.

"சார்," என்றான் மெதுவாக. "தாத்தா கிடைச்சுட்டார்."

பரமசிவம் அலுமினிய வளையத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். சந்தேகத்துக்கு இடமே இல்லை. மேஜையில் திறந்திருந்த இனிப்பு டின் பாலைச் சுற்றி எறும்பு வரிசை ஒன்று வேறு போய்க்கொண்டிருந்தது.

"தம்பி, இந்தச் சின்னப் பாட்டில் எதுக்கு?"

ஜலாலுதீன் கள்ளமே இல்லாமல் சொன்னான். "அதுவா? மருந்துத் தூளுண்ணே. டிரெஸ்ஸர் ஐயா குடுக்குறது. காதர் நானா டின் பால் காய்ச்சி, அதுல தூளைக் கலந்து, பிளாஸ்க்ல ஊத்தி, வார்டுப் பிள்ளைங்க எல்லாருக்கும் குடுப்பார். முதல் டம்ளர் ஜரீனாவுக்கு. நல்ல மனுஷன். புதன்கிழமைலேர்ந்து குடுக்குறார். பிள்ளைக்குத் தடிப்பு வந்துருச்சுன்னு நேத்து ரெண்டு மடங்கு போட்டார். உதடு வீங்கிருச்சாமே, நோய் முத்திப்போச்சுன்னு ஒரே அழுகை. இன்னைக்கு டிரெஸ்ஸர் ஐயா குடுத்த பத்து பாட்டிலையும் கொட்டிட்டார்."

கபீரின் கையிலிருந்த சோடா சட்டையில் கொட்டியது. அவன் கவனிக்கவில்லை. தடிப்பைத் தந்ததே அந்தத் தூள். தடிப்பைப் பார்த்துப் பார்த்து அதையே கூட்டிக்கொண்டு போகிறார் பெற்ற தகப்பன்.

பக்கத்துக் கடையில் போன் இருந்தது. ஆஸ்பத்திரி நம்பர் எங்கேஜ்டாகவே இருந்தது. பரமசிவம் மூன்று தரம் சுழற்றிவிட்டு ரிசீவரை வைத்தார். கபீர் அதற்குள் காரைத் தானே தள்ளிக் கிளப்பியிருந்தான். இதுவரை அவன் செய்யாத காரியம்.

தேக்கா வரை பறந்தார்கள். தேக்காவில் ஒரு டிராலி பஸ்ஸின் தலைக்கம்பி மேலே ஓடும் மின்கம்பியிலிருந்து கழன்று, சாலைக்குக் குறுக்கே பஸ் செத்து நின்றது. கண்டக்டர் நீண்ட மூங்கிலால் கம்பியை மறுபடி மாட்டப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒருமுறை தவறியது. இரண்டாம் முறையும் தவறியது.

"அந்தாளு மீன் பிடிக்கிறாரா, பஸ் ஓட்டுறாரா?" என்று கத்திய கபீர், காரை மார்க்கெட் சந்துக்குள் திருப்பினான். கீரைக்காரம்மா கூடையை இழுத்துக்கொண்டாள், கோழிக்காரர் மலாயில் அவன் வம்சத்தையே விசாரித்தார். அவன் எதையும் காதில் வாங்கவில்லை. மணி ஐந்து ஐம்பது.

வார்டுக்குள் அவர்கள் மூச்சிரைக்க நுழைந்தபோது கண்ட காட்சியைக் கபீர் பிற்பாடு தேக்காவில் நூறு பேருக்குச் சொன்னான். ஜரீனாவின் கட்டிலுக்கு வலப்பக்கம் டாக்டர் சிவகாமசுந்தரி, இடப்பக்கம் நர்ஸ், கால்மாட்டில் விளக்குமாற்றோடு பூவம்மா. மூன்று பேரும் கோயில் வாசல் காவல் தெய்வங்கள் மாதிரி, ஊசி எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று கண்ணை இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த மூன்று பேருக்கும் நடுவில், டாக்டரே ஒதுங்கி இடம் விட்ட இடத்தில் நின்றுகொண்டு, அப்துல் காதர் பிளாஸ்க்கிலிருந்து டம்ளரில் பாலை ஊற்றி மகள் கையில் கொடுத்தார்.

ஜரீனா இரண்டு கையாலும் டம்ளரைப் பிடித்து உதட்டருகே கொண்டுபோனாள்.

"காதர் நானா! அது எனக்கு!"

கபீர் ஓடினான் என்று சொல்ல முடியாது, பறந்தான். டம்ளரைப் பறித்தான். பறித்ததை எங்கே வைப்பது என்று யோசிக்க நேரமில்லை. அப்துல் காதரின் கை அதற்குள் நீண்டுவிட்டது. ஒரே மடக்கில் குடித்து முடித்தான். வேப்பங்கொழுந்தை அரைத்து டின் பாலில் கலக்கினால் எப்படி இருக்குமோ, அப்படி இருந்தது.

"என் பிள்ளை பாலைப் பிடுங்கிக் குடிக்கிறியே, நீயெல்லாம் மனுஷனா?" அப்துல் காதர் அவன் சட்டையைப் பிடித்து உலுக்கினார். உலுக்கிய வேகத்தில் அவருடைய பையிலிருந்து கலகலவென்று சத்தம் கேட்டது.

"காதர் பாய்," என்றார் பரமசிவம் அமைதியாக, "உங்க பையில இன்னைக்குப் பத்து காலிப் பாட்டில் இருக்கணும். மருந்தறையில குடுக்க மருதப்பன் அதுக்குத்தான் காத்திருக்கார். நேத்து ஒண்ணைக் கீழ விட்டுட்டீங்க. டாக்டர், நீங்க ஊசி வருதான்னு பார்த்துக்கிட்டே இருந்தீங்க. மருந்து வாய் வழியாப் போச்சு."

டாக்டர் குனிந்து ஜரீனாவின் வாயை மோந்து பார்த்தார், உதட்டைத் துடைத்தார். ஒரு சொட்டும் போகவில்லை என்று தெரிந்ததும் கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

அப்துல் காதர் மறைக்கவில்லை. "ஆமா, குடுத்தேன்!" என்று குரலை உயர்த்தினார். "போன வருஷம் ஊசி போட்டீங்க, நல்லாப் போச்சு. இந்த வருஷம் ஊசியும் இல்ல, மருந்தும் இல்ல, கஞ்சியும் தண்ணியும். சுவத்துல இங்கிலீஷ்ல ஏதோ ஒட்டியிருக்கீங்க. என்னன்னு கேட்டா ஊசி நிறுத்திட்டாங்கன்னு சொல்றாங்க. யாருக்கு நிறுத்துவாங்க? எங்களை மாதிரி ஆளுக்குத்தானே? நான் டீ ஆத்துறவன். எம்புள்ள கண்ணு முன்னாடி வீங்குது. நான் என்ன பண்ணுவேன் சொல்லுங்க!" சொல்லும்போதே அவர் அழுதுவிட்டார்.

பின்னால் நின்ற மருதப்பன் முன்னால் வந்தார். "தப்பு என் மேலம்மா. ஒரு காசு வாங்கல. ஜப்பான்காரன் ஆண்ட காலத்துல இதே மாதிரி ஒரு தகப்பன் மருந்து கேட்டு என் காலைப் பிடிச்சான். குடுக்க எங்கிட்ட ஒண்ணுமில்ல. இப்ப அலமாரி நிறைய இருக்கு. ஊசிதானே போடக்கூடாதுன்னு உத்தரவு, தூளாக் குடுத்தா என்னன்னு என் மனசை நானே ஏமாத்திக்கிட்டேன்."

மற்றப் பெற்றோர்களும் பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு இந்தப் பக்கமே பார்த்தார்கள். பரமசிவம் குறிப்புப் புத்தகத்தைத் திறந்தார்.

"காதர் பாய், உங்க பாலைக் குடிச்ச பிள்ளைங்களுக்குச் சளி போயிடுச்சா?"

"போச்சு! எல்லாருக்கும் போச்சு! நாளைக்கு வீட்டுக்கு அனுப்புறாங்க. கேட்டுப் பாருங்க!"

"கேட்டேன். கமலா, இங்க வாம்மா. நீ என்னைக்கு வந்தே?"

"திங்கக்கிழமை. ஜரீனா வந்த அன்னைக்கே," என்றாள் கமலா, துணிப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு.

"இந்த மாமா குடுத்த பாலைக் குடிச்சியா?"

"சொன்னேன்ல, எனக்குப் பாலே பிடிக்காது. ஒரு நாள்கூடக் குடிக்கல."

"ஒரு துளி மருந்து உள்ள போகாத பிள்ளை, பாய்," என்றார் பரமசிவம். "எல்லாருக்கும் முன்னாடி இன்னைக்கே வீட்டுக்குப் போகுது."

அப்துல் காதர் கமலாவைப் பார்த்தார். பூவைப் பார்த்தார், பையைப் பார்த்தார், சளி ஒழுகாத மூக்கைப் பார்த்தார். அப்புறம் கழுத்தெல்லாம் சொறிந்து சிவந்திருந்த தன் மகளைப் பார்த்தார். கபீரின் முக்காலி பக்கத்தில்தான் கிடந்தது. அதில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"என் கையாலேயேவா?" என்றார். "என் கையாலேயேவா டாக்டரம்மா?"

டாக்டர் அவருக்கு எதிரே தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். பெரிய டாக்டர் யாராவது பார்த்திருந்தால் மயக்கமே போட்டிருப்பார்.

"உங்க கையால மட்டும் இல்ல பாய். அந்தத் தாளை நான் நர்ஸுங்களுக்குப் புரிஞ்சாப் போதும்னு இங்கிலீஷ்ல எழுதி ஒட்டினேன். ஏன் நிறுத்தினேன்னு இங்க வர்ற ஒரு அம்மா அப்பாகிட்டகூடச் சொல்லல. அது என் தப்பு. மாடியில முதல் வகுப்புப் பிள்ளைங்களுக்கும் நிறுத்திட்டேன், அதையும் சொல்லல. அதோ அந்தக் கண்ணாடி அறையில ஒரு பிள்ளைக்கு எலும்புல சீழ். அதுக்குப் பெனிசிலின் கட்டாயம் வேணும், குடுக்கிறேன், கேக்க மாட்டேங்குது. தும்மினவங்களுக்கெல்லாம் குடுத்துக் குடுத்து, கிருமிக்கு அந்த மருந்தைப் பழக்கிவிட்டுட்டோம். உங்க பொண்ணுக்கு நான் ஒண்ணும் குடுக்காம இருக்கல. ராத்திரியெல்லாம் பக்கத்துல உட்கார்ந்து பார்த்துக்கிட்டு இருக்கேன். அவளுக்கு வேண்டிய வைத்தியம் இப்ப அதுதான்."

அப்துல் காதர் தலையை ஆட்டினார். எழுந்து, கடையில் நின்று கூவும் அதே குரலில், மற்றப் பெற்றோர்களைப் பார்த்து மலாயிலும் தமிழிலும் சொன்னார். "என் பாலை இனிமே யாரும் பிள்ளைக்குக் குடுக்காதீங்க. நான் தப்புப் பண்ணிட்டேன். டாக்டரம்மா சொல்றதைக் கேளுங்க."

இந்த நேரத்தில் கபீர் சத்தமில்லாமல் வாசல் பக்கம் நழுவிக்கொண்டிருந்தான்.

"நீங்க எங்க போறீங்க?" என்றார் டாக்டர். "ஒரு வார்டுக்கே போதுற மருந்தைக் குடிச்சிருக்கீங்க. உங்களுக்கு ஒத்துக்குமா இல்லையான்னு ரெண்டு மணி நேரம் நான் பார்க்கணும். ஒத்துக்கலைன்னா உடனே போட ஒரு ஊசி ரெடியா இருக்கணும். நர்ஸ்!"

கிணிங் கிணிங் என்று தட்டு வந்தது. கபீர் லட்சுமியின் காலியான கட்டிலில் உட்கார வைக்கப்பட்டான். லட்சுமி இன்னும் கட்டிலுக்கு அடியில்தான் இருந்தாள். அவன் கால் பக்கமிருந்து தலையை நீட்டி, "மாமா, நீங்களும் கீழ வந்துருங்க," என்று அன்போடு அழைத்தாள்.

"எனக்கு நல்லாவே ஒத்துக்குது டாக்டரம்மா," என்றான் கபீர். "இப்பத்தான் உடம்பு தேறின மாதிரியே இருக்கு." கழுத்தில் ஒரு கொசு கடித்தது. சொறிந்தால் ஊசி வரும் என்ற பயத்தில் அது கடித்து முடிக்கும்வரை அப்படியே விட்டுவிட்டான்.

ஆறு மணி அடித்தது. பெற்றோர்கள் ஒவ்வொருவராக எழுந்தார்கள். கமலா தன் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு திரும்பிப் பாராமல் போனாள். அப்துல் காதர் மகளின் கன்னத்தைத் தடவி, போய்வருகிறேன் என்று சொல்ல வாயெடுத்தார்.

"அத்தா," என்றாள் ஜரீனா, "நாளைக்குக் கசக்காத பால் கொண்டு வாங்க."

"கசந்துச்சாம்மா? கசந்துச்சுன்னு ஏன் அத்தாகிட்ட சொல்லல?"

"நீங்க அழுதுக்கிட்டே குடுத்தீங்க. அதான் குடிச்சுட்டேன்."

அப்துல் காதர் பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு வார்டுக் கோடியிலிருந்த தண்ணீர்க் குழாய்க்குப் போனார். மிச்சப் பாலைக் கொட்டினார். கழுவினார், மோந்து பார்த்தார், மறுபடி கழுவினார். மணி அடித்து வெகுநேரம் ஆகியும் கழுவிக்கொண்டே இருந்தார். பூவம்மா விளக்குமாற்றோடு அவருக்குப் பின்னால் நின்றாள். வெளியே போங்க என்று சொல்ல வேண்டியது அவள் வேலை. அன்றைக்கு அவள் சொல்லவில்லை.